ஒன்பது கவுன்ட்டர் சாகசம்

பிறப்புச் சான்றிதழ் அலுவலகத்தை இனி கம்ப்யூட்டர் கேம் மாதிரி நடத்துவது என்று மேலிடம் முடிவெடுத்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. போன வருடம் நாற்காலிகளுக்கெல்லாம் பச்சை அடித்தார்கள். அதையும்தான் யாரும் கேட்கவில்லை.

கேம்களுக்கு லெவல் அமைக்கும் ஆள் ஒருவரை ஆலோசகராகப் பிடித்து வந்தார்கள். லெவல்காரர் மறுபேச்சில்லாமல் வந்தார். காரணம் உண்டு. மகளுடைய சான்றிதழுக்காக ஐந்து மாதமாக அதே அலுவலகத்துக்கு நடந்து செருப்பைத் தேய்த்தவர் அவர். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் கிடையாது. உள்ளே நுழைந்துவிட்டால் ஒரு கையெழுத்தா கிடைக்காது?

கூட்டம் கூடியது. பெரிய அதிகாரி, தலைமை எழுத்தர், ஒரு தட்டு பிஸ்கட்.

"முதல் லெவல் சுலபமா இருக்கணும் சார்," என்றார் லெவல்காரர். "சின்னப் பள்ளம். தாண்டினா ஒரு சந்தோஷம். அப்புறம்தான் பெரிய பள்ளம்."

"அது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு," என்றார் தலைமை எழுத்தர். "முதல் கவுன்ட்டர்ல படிவம் மட்டும்தான் தர்றோம். அதுல யாரும் தோத்ததில்லை."

"கஷ்டமான இடம் தாண்டினா, தோத்தாலும் அங்கேருந்தே தொடரணும். மறுபடி முதல்லேருந்து வான்னு சொல்லக் கூடாது."

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

"எல்லாரும் விட்ட இடத்துலேருந்து தொடர்ந்தா முதல் கவுன்ட்டருக்கு யாருங்க வருவா?" என்றார் பெரிய அதிகாரி. "அங்கே மூணு பேர் வேலை பாக்கறாங்க. பிள்ளைகுட்டிக்காரங்க."

யோசனை ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது.

"கடைசியா ஒண்ணு சார். தோத்தா தப்பு தன்னோடதுன்னு ஆடறவனுக்குத் தோணணும். அப்பதான் திரும்பத் திரும்ப வருவான்."

பெரிய அதிகாரி எழுந்து கைகுலுக்கினார். "இதைத்தான்யா நாங்க நாற்பது வருஷமா பேர் தெரியாம செஞ்சிட்டிருக்கோம்!"

'குடிமக்கள் சாகச ஆணை' அமலுக்கு வந்தது. நான்கு கவுன்ட்டர் ஒன்பதானது. தாண்டியவருக்கு மணி அடித்துச் சட்டையில் நட்சத்திரம் ஒட்டினார்கள். தோற்றவர் படிவத்தில் 'நன்றாக முயன்றீர்கள்' என்று முத்திரை. புகார்ப் பெட்டி காலி. தலைமை எழுத்தர் அதில் குடை வைத்துக்கொண்டார்.

லெவல்காரர் மெல்ல ஆரம்பித்தார். "சார், நம்ம பொண்ணு சான்றிதழ்... ஒரு கையெழுத்து..."

"அமைச்சவரே குறுக்கு வழில போனா ஆட்டத்துக்கு என்ன மரியாதை? வரிசைல வாங்க."

போனார். மூன்றாவதில் மை நீலம், கறுப்பு வேண்டுமாம். முதலிலிருந்து. ஐந்தாவதில் மகளின் புகைப்படத்தில் இடது காது தெரியவில்லை. "என் தப்புதான்," என்று அவரே முந்திக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து.

பின்னால் நின்ற தச்சர் தோளைத் தட்டினார். "அஞ்சாவதுல எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க அண்ணே. முடியை ஒதுக்கிட்டுப் படம் எடுங்க."

மாதக் கடைசி நாள். மாலையில் மார்பு நிறைய நட்சத்திரங்களோடு வீட்டுக்கு வந்தார். மனைவி வாசலிலேயே நின்றாள்.

"கிடைச்சுதா?"

"ஏழு வரைக்கும் போயிட்டேன்!"

"பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டாங்க. பிள்ளைக்கு இடம் போச்சு."

"போகட்டும் விடு. ஏழாவதுல மணி அடிச்சாங்க பாரு, மொத்த வரிசையும் கை தட்டுச்சு."

அவள் முறைத்தாள். நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"எட்டாவது தாண்டினவங்க இருக்காங்களா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லை."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"உங்களுக்கு ஆடவே தெரியலை," என்றாள். "நாளைக்கு நான் போறேன்."