யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது

“படி! பார்த்து இறங்குங்க!” என்று தையல்காரர் கீழேயிருந்து கத்திய கத்தலில்தான் மாடிவீட்டுப் பெரியவர் திடுக்கிட்டு ஒரு படியைத் தவறவிட்டார்.

“நல்லாத்தானேப்பா இறங்கிக்கிட்டிருந்தேன்?” என்றார், சுவரைக் கட்டிப்பிடித்தபடி.

எல்லாம் தையல்காரருடைய வலது கண்ணால் வந்த வினை.

அந்தக் கண்ணில் புண் வந்து ஆறி, தழும்பை விட்டுப் போயிருந்தது. இடது கண் பிறந்ததிலிருந்தே பேருக்குத்தான். ஆகவே உலகம் முழுக்க ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு சட்டைக் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்த அன்று, மனைவி அவரை மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள்.

“கருவிழி கண்ணோட ஜன்னல் மாதிரி. உங்களுக்கு அது மங்கிடுச்சு, மூக்குக்கண்ணாடி போட்டாலும் பிரயோசனமில்ல,” என்றார் டாக்டர். “மங்கின வட்டத்தை வெட்டி எடுத்துட்டு, தெளிவான வட்டம் ஒண்ணு வச்சுத் தைக்கணும்.”

“ஒட்டுப்போடுற மாதிரியா?”

“அதேதான். நூல் மட்டும் தலைமுடியைவிட மெலிசு.”

தொழில் தெரிந்தவரிடம்தான் வந்திருக்கிறோம் என்று தையல்காரருக்கு நிம்மதி. “துணி எங்க எடுப்பீங்க?”

“இறந்தவங்க தானமா குடுத்தாத்தான். கிடைச்சதும் போன் பண்றோம்.”

அதோடு போயிற்று நிம்மதி. தன் போன் அடிக்கிற அன்று யாரோ ஒரு வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள். அடிக்கட்டும் என்று ஆசைப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று இருக்கவும் முடியவில்லை. யார் இருமினாலும் தன் ஆசைதான் போய் இடித்துவிட்டதாகத் தோன்றியது. அந்தக் கட்டடத்தில் அதிகம் இருமுகிறவர் மாடிவீட்டுப் பெரியவர்.

“நீங்க நினைச்சா ஆள் செத்துடுமா?” என்றாள் மனைவி. “எங்கம்மா ஊருக்குக் கிளம்பணும்னு எத்தனை வருஷமா நினைக்கிறீங்க, கிளம்பிட்டாங்களா?”

“அவர் நல்லவர்டி. டீக்குக்கூட காசு எடுக்காத மனுஷன், போன வருஷம் திடீர்னு வந்து எனக்குப் புது ஹெல்மெட் வாங்கிக் குடுத்தாரே!”

மறுநாள் பெரியவர் பிடித்து இறங்குவதற்காகத் தையல்காரர் மாடிப்படியோரம் கெட்டி நாடா கட்டினார். அது முழங்கால் உயரத்தில் தொய்ந்து தொங்கியது அவருக்குத் தெரியவில்லை. பெரியவர் அதில் மாட்டி, கையிலிருந்த கூடை வேறு, தாம் வேறாகக் கீழே வந்து சேர்ந்தார். பதறிப்போன தையல்காரர் நாடாவை அறுத்தெறிந்துவிட்டு, வழுக்கவே கூடாதென்று படிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். நுரையைக் கழுவிவிட்டதாகத்தான் அவருடைய கண் சொன்னது.

பெரியவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

கட்டடம் கிசுகிசுத்தது. “கண்ணுக்கு ஆள் பார்க்கிறாராமே?” அவரைக் கண்டதும் பக்கத்துவீட்டு அம்மாள் கறுப்புக்கண்ணாடி மாட்டிக்கொண்டாள்.

தாங்க முடியாமல் தையல்காரர் மாடியேறினார். பெரியவர் கட்டிலில், தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருந்தார்.

“ஐயா, சத்தியமா உங்க கண்ணு எனக்கு வேண்டாம். நீங்க நல்லா இருக்கணும்னுதான்… நீங்க மட்டுமில்ல, யாருக்குமே ஒண்ணும் ஆகக்கூடாது. எனக்கு ஊசி கோக்கவும் தெரியணும். ரெண்டும் எப்படிங்க நடக்கும்?”

சட்டைப்பையில் போன் அடித்தது. தையல்காரர் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மருத்துவமனை. எடுக்க மனம் வரவில்லை. இந்த நேரத்தில் எந்த வீட்டிலோ யாரோ…

“எடுப்பா,” என்றார் பெரியவர், தம் இடது கண்ணைத் தொட்டுக்காட்டி. “போன வருஷம் இதுக்காகக் காத்திருந்தப்ப, உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துதான் ஹெல்மெட் வாங்கிக் குடுத்தேன்.”