கசிவு உண்டா, இல்லையா

உலகத்துக்கு ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் கிரேக்கர்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பாவம், சொன்னவர்களுக்கு எங்கள் ‘மாரி மன்றம்’ பற்றித் தெரியாது. உத்தரகோசமங்கை போகும் வழியில், பஸ்காரன் மனசு வைத்தால் மட்டும் பஸ் நிற்கிற எங்கள் ஊரில், 2007இல் உதித்த இணைய மன்றம் அது. மழையை ரசிப்பதையும் அளப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் சபை. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் மழை பெய்யாத சீமையில் இப்படியொரு பொழுதுபோக்கை வைத்துக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. மீதி நாட்களில் விதிமுறை எழுதலாம்.

எழுதினோம். மொத்தம் நூற்றுப் பதினான்கு விதிகள். உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். யார் எதை எழுதலாம் என்று பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்துனர்கள் இருபத்தாறு பேர். மீதிப் பதினைந்து பேரையும் பொங்கலுக்குள் மட்டுறுத்துனர் ஆக்கிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். தவசி என்கிற அடியேன் தலைமை மட்டுறுத்துனர். என் மைத்துனன் மருதுபாண்டி துணைத் தலைமை. மழை அளவு நிபுணர் சதக்கத்துல்லா துபாயில் இருக்கிறார். அங்கே மழையே கிடையாது என்பதால் அவரிடம் பாரபட்சத்துக்கு இடமில்லை.

‘கொட்டோ கொட்டென்று கொட்டியது’ என்று யாராவது எழுதினால் நீக்குவோம். மில்லிமீட்டரில் எழுத வேண்டும். இரண்டு ஆச்சரியக்குறி போட்டால் எச்சரிக்கை, மூன்று போட்டால் ஒரு வாரம் தடை. என் சித்தப்பா கூத்தையா ஒருமுறை ‘நல்ல மழை’ என்று பதிந்தார். ‘நல்ல’ என்பது தனிப்பட்ட கருத்து. சொந்தச் சித்தப்பா என்றும் பார்க்காமல் தூக்கினேன்.

இந்த ஒழுங்கைப் பார்த்து ஊரே சொக்கிப்போனது. முன்பெல்லாம் கண்மாய்க் கரையில் கசிவு என்றால் உடனே தமுக்கு அடிப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு ஓட வேண்டும். அப்படித்தான் ஒரு கிரிக்கெட் இறுதிப் போட்டியின் கடைசி ஓவரில் தமுக்கு அடித்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். எல்லோரும் ஓடிப்போய் அடைத்தார்கள். கரை உடையவில்லை. உடையவில்லை என்றால் அது வதந்திதானே? இதை ஊர்க்கூட்டத்தில் நிரூபித்து, இனிமேல் கண்மாய்ச் சேதி எதுவானாலும் மன்றத்தில் பதிந்து ஒப்புதல் வாங்கிய பிறகே தமுக்கு அடிக்கலாம் என்று தீர்மானம் போட்டோம். தமுக்கு என் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது.

2008 கார்த்திகையில் புயல் மழை வந்தது. மூன்று நாள் வானம் வெளுக்கவே இல்லை. மன்றத்தில் எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாலாம் நாள் மத்தியானம் நானும் மருதுபாண்டியும் என் வீட்டு முன்னறையில், இன்வெர்ட்டர் தயவில், ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அளவுகளுக்கு ஒப்புதல் வழங்கிக்கொண்டிருந்தோம். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பூமயில் வாசலில் வந்து நின்றாள். என் வயலில் களையெடுக்க வருகிறவள். கண்மாய்க்குக் கீழே தானும் ஒரு ஏக்கர், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்குப் பிடித்து நெல் போட்டிருந்தாள்.

“அய்யா, நடுமடைக்குக் கெழக்க கரையில நண்டு வளை விழுந்துருக்கு. தண்ணி பொசியுது. வெரசா ஆளக் கூப்பிடணும்.”

“எத்தனை மில்லிமீட்டர்?” என்றேன்.

“எது?”

“ஓட்டை.”

“என் கை உள்ள போகுதுய்யா.”

‘கை’ எங்கள் அளவுப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் மனிதாபிமானத்தோடு கேட்டேன்: “நீ மன்றத்துல உறுப்பினரா?”

“நான் ஒங்க வயலுக்கு வார ஆளுய்யா.”

சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். பெயர் வாங்கினோம். கடவுச்சொல் வாங்கினோம். அடுத்து, பொழுதுபோக்கு, கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்.

“பொழுதுபோக்கு என்ன பூமயிலு?”

“கரையே போகப்போகுதுங்கிறேன், பொழுதக் கேக்குறீக!”

“மத்த நேரத்துல என்ன செய்வ?”

“களையெடுப்பேன்.”

மருதுபாண்டி ‘தோட்டக்கலை’ என்று போட்டான்.

கடைசியாக, பதிகிறவர் எந்திரம் அல்ல, மனிதர்தான் என்று நிரூபிக்கும் கட்டம். வளைந்து நெளிந்து கிடக்கும் இங்கிலீஷ் எழுத்துகளைப் படித்துச் சொல்ல வேண்டும். பூமயில் திரையை உற்றுப் பார்த்தாள்.

“இது தெரிஞ்சாத்தான் மனுசியா?”

“மன்றத்துல அப்படித்தான் ஆத்தா.”

மூன்று தடவையும் தவறிவிட்டாள். எனக்கும் சேரும்போது ஐந்து தடவை தவறியது. ஆனால் அன்றைக்கு வெயில் கண்ணில் அடித்தது.

விதியைத் தளர்த்தி, அவள் சார்பில் சேதியை மருதுபாண்டியே பதிந்தான். உடனே விவாதம் சூடுபிடித்தது. இது ‘மழை’ப் பகுதியில் வருமா, ‘நீர்நிலை’ப் பகுதியில் வருமா? துபாயிலிருந்து சதக்கத்துல்லா புகைப்படம் கேட்டார். நான் ஓர் ஆட்சேபம் எழுதினேன். அதற்கு மருதுபாண்டி மறுப்பு எழுதினான்.

“பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு என்னய்யா தட்டிக்கிட்டு இருக்கீக? வாயத் தொறந்து பேசக்கூடாதா?”

“பேசுனா பதிவு இருக்காது” என்று விளக்கினான் மருதுபாண்டி.

இறுதியில் வாக்கெடுப்பு என்று முடிவானது. ‘கசிவு உண்டா? உண்டு, இல்லை, கருத்தில்லை.’ மட்டுறுத்துனர்கள் மட்டும் வாக்களிக்கலாம். கால அவகாசம் இருபத்துநாலு மணி நேரம்.

“அதுவரைக்கும் கரை நிக்காதுய்யா! என் பயிரு, எங்க தெரு, ஒங்க பன்னண்டு ஏக்கரு, எல்லாம் அதுக்குக் கீழதான் கெடக்கு!”

“பதறாத. பதறுனா விதி முப்பத்தொண்ணு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, ஒப்புதல் எதுவும் பெறாமல், திரும்பி ஓடினாள்.

அப்புறம் நடந்தது நான் கேள்விப்பட்டதுதான். தெருவுக்குள் போய்க் கத்தியிருக்கிறாள். அந்தத் தெரு வீரையாவும் முருகம்மாளும் முதலில் ஓடி வர, பின்னாலேயே ஐம்பது பேர். வைக்கோலைத் திணித்து, கருவேலங் கிளையை வெட்டிப் போட்டு, மண்மூட்டை சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் பொழுது சாயும்வரை நின்றிருக்கிறார்கள். இங்கே நாங்களும் அசையாமல் உட்கார்ந்துதான் இருந்தோம்.

மறுநாள் முடிவு வந்தது. உண்டு ஒன்பது, இல்லை பதினான்கு, கருத்தில்லை மூன்று. சரிபார்ப்பதற்காக மருதுபாண்டியைக் கேமராவோடு கரைக்கு அனுப்பினேன். புது மண் கிடந்தது, அறுபது மூட்டை கிடந்தது, கசிவு மட்டும் இல்லை! பெரும்பான்மையின் தீர்ப்பு எவ்வளவு துல்லியம் பாருங்கள். துபாயிலிருந்து வாழ்த்து வந்தது.

ஒரே ஒரு களங்கம்தான். மன்றத்துக்கு வெளியே, அனுமதியின்றி, கூட்டம் கூட்டியது. பூமயிலுக்கு வாழ்நாள் தடை என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஆனால் உறுப்பினராக இல்லாதவரை எப்படித் தடை செய்வது? மருதுபாண்டியே அந்த நெளிந்த எழுத்துகளைப் படித்து, பிற்பகல் மூன்று மணிக்கு அவளை உறுப்பினராக்கினான். மூன்றே காலுக்குத் தடை அமலுக்கு வந்தது.

தண்டனை பெற்றவருக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும் அல்லவா? குடையை எடுத்துக்கொண்டு நானே வயலுக்குப் போனேன். என் வயலில்தான் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். முள் கிழித்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள். வரப்பில் நின்று உத்தரவு முழுவதையும், உட்பிரிவுகளோடு, வாசித்தேன்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எழுதத்தான்யா தடை? நாளைக்கி மறுபடி பொசிஞ்சா கரையில போயி நிக்கலாம்ல?”

“தாராளமா!” என்றேன். எங்கள் மன்றத்தில் வாயைத் திறப்பதற்குத்தான் அனுமதி வேண்டும். மண் சுமப்பதற்கு யாரையும், எந்தக் காலத்திலும், நாங்கள் தடுத்ததே இல்லை.