எனக்கு அவரைத் தெரியாது

அன்று காலை என் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான். என் மனைவி. அந்த நடிகர். அவருடைய காரோட்டி. யாரும் கூப்பிடாமல் வந்து நின்ற பக்கத்துக் கடை சாவிக்காரர். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

நடிகரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் அவரைத் தேடிப் புறப்பட்டுவிடுவீர்கள். கதாநாயகனாக நடித்தவர் அல்ல. கதாநாயகனுக்கு அப்பாவாக, நீதிபதியாக, ரயிலைத் தவறவிட்ட பயணியாக வருவார். திரையில் அவர் அழுதால் நான் அழுவேன். அவர் தும்மினால் நான் கைக்குட்டையைத் தேடுவேன். அவ்வளவுதான் எங்கள் உறவு.

முந்தின நாள் மதியம் காரோட்டி வந்து விஷயத்தைச் சொன்னார். "ஐயா கண்ணாடி மேலயே உட்கார்ந்துட்டார். நாளைக்குக் கடை திறந்ததும் கூட்டிட்டு வர்றேன். ஆனா யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது."

"இங்கே யார் பண்ணப் போறாங்க?" என்றேன். குரல் கம்பீரமாகத்தான் வந்தது. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்திருந்தது மேஜைக்குக் கீழே என்பதால் அவருக்குத் தெரியவில்லை.

அவர் போனதும் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். சாதாரணத் தீர்மானம் அல்ல. அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஒருமுறை அந்த நடிகரை ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறேன். கையில் யாருக்கோ மருந்துச் சீட்டு. முகத்தில் கவலை. அதை யாரும் பார்க்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தார்கள். ஒருவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார். ஒருவர் தன் போனை அவர் காதில் ஒட்டவைத்து, "என் மச்சான்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க" என்றார். அவரும் பேசினார். மருந்துச் சீட்டு கசங்கிக்கொண்டே இருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று, மனிதர்கள் இப்படியா என்று வெட்கப்பட்டேன்.

ஆகவே என் தீர்மானம் இதுதான். நாளை அவர் வரும்போது அவரை எனக்கு அடையாளமே தெரியாது. இரண்டு காதும் ஒரு மூக்கும் உள்ள ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான். என்றைக்காவது அவர் நினைத்துப் பார்க்க வேண்டும்: 'ஒரே ஒரு கடையில் ஒரே ஒரு மனிதர் என்னை நிம்மதியாக விட்டார்.' அந்த ஒரே ஒரு மனிதர் நானாக இருக்க வேண்டும். இதில் கொஞ்சம் ஆசையும் கலந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடையின் உள்ளறையில் அவள் பிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"மூணு விஷயம். அவர்கிட்ட படம் எடுத்துக்கலாமான்னு கேட்கக்கூடாது. கையெழுத்து கேட்கக்கூடாது. வசனம் பேசச் சொல்லக்கூடாது."

"நானா?"

"நீதான். போன மாசம் டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணு வந்தப்போ, அது கையைப் பிடிச்சு 'நேத்து ஏம்மா சளி பிடிச்ச மாதிரி வாசிச்சே?'ன்னு கேட்டியே."

"அதுக்குச் சளி பிடிச்சிருந்துச்சு. யாரும் கேட்கலைன்னு அது எவ்வளவு வருத்தப்பட்டுச்சு தெரியுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சத்தியம் பண்ணு. மூணையும் கேட்க மாட்டேன்னு."

"நான் கேட்க மாட்டேன். போதுமா?"

"போதும்."

"நீங்க கேட்க மாட்டீங்களா?"

"நானா! எனக்கு அவரை யாருன்னே தெரியாது."

"சரி" என்றாள்.

இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில், என் மனைவி வாதாடாமல் "சரி" சொன்ன ஒவ்வொரு முறையும் நான் எங்கேயோ தடுக்கி விழுந்திருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன்.

அடுத்த வேலை, தடயங்களை அழிப்பது. சுவரில் அவர் சிரிக்கும் ஒரு பழைய நாள்காட்டிப் படம் இருந்தது. கழற்றினேன். அதைவிட ஆபத்தானது ஒன்று மேஜை இழுப்பறையில் இருந்தது. படிப்பு அட்டை.

புதுக் கண்ணாடி போட்டதும், கிட்டத்தில் இருப்பது தெரிகிறதா என்று பார்க்க வாடிக்கையாளர் கையில் ஓர் அட்டையைக் கொடுப்போம். மேல் வரி பெரிய எழுத்து. போகப் போகச் சின்னதாகும். கடைசி வரி எறும்பு ஊர்வது போல இருக்கும். கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் அட்டையில் ஏதோ பொன்மொழிகள் இருக்கும். எனக்குப் பிடிக்காமல், அந்த நடிகர் ஒரு படத்தில் பேசிய மூன்று வரியை அச்சடித்து வைத்திருந்தேன். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட அப்பா, மகன் வீட்டு வாசலில் நின்று பேசுவது:

கதவைத் தட்டினது நான்தான்.
திறக்கலைன்னா போயிடுவேன்.
தட்டினேன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ.

ஊரில் பாதிப் பேர் இதைப் படித்துத்தான் பார்வை பெற்றிருக்கிறார்கள். அந்த அட்டையை எடுத்து அலமாரி மேல் ஒளித்தேன். அதன் இடத்தில் கண் சொட்டு மருந்து விளம்பர அட்டை ஒன்றை வைத்தேன். இனி கடையில் அவர் சம்பந்தப்பட்டது என்று ஒரு தூசி கூட இல்லை.

மறுநாள் அவர் வந்தார். தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தார். காரோட்டி கையைப் பிடித்து அழைத்து வந்தார். கண்ணாடி இல்லாததால் அவருக்கு எதிரில் இருப்பது நானா அலமாரியா என்று தெரியவில்லை. அலமாரியைப் பார்த்து "வணக்கம்" என்றார். அந்தக் குரல்! என் உள்ளங்கை வியர்த்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"வாங்க, உட்காருங்க" என்றேன், காய்கறி விற்கிறவர் குரலில்.

காரோட்டி நீட்டிய கண்ணாடியில் காதில் மாட்டும் கம்பி ஒன்று பிய்ந்திருந்தது. கீல் கோணியிருந்தது. ஸ்க்ரூ காணவில்லை. பில் புத்தகத்தைத் திறந்தேன். இந்த இடத்துக்காகத்தான் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன்.

"பேர் சொல்லுங்க சார்."

அவர் நிமிர்ந்தார். சற்று நேரம் கழித்துப் பெயரைச் சொன்னார்.

"இனிஷியல்?"

அதையும் சொன்னார். காரோட்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் விடவில்லை.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

இது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். தையல்காரருக்குக் கிட்டத்தில் தெரிய வேண்டும், லாரி ஓட்டுகிறவருக்குத் தூரத்தில். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். முடி நான் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது.

"இப்போ ஒண்ணும் இல்லீங்க" என்றார். "வீட்லதான் இருக்கேன்."

நான் 'வீடு' என்று எழுதினேன். எழுதும்போது பேனா கனத்தது. உள்ளறையில் மனைவி பிரேம் துடைக்கும் சத்தம் நின்றுவிட்டது. நல்லது, அவள் என் சாமர்த்தியத்தைக் கவனிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சாவிக்காரர் நுழைந்தார். கையில் ஒரு பூட்டு, சாக்குக்காக.

"அண்ணே, இந்தப் பூட்டுக்கு... ஐயோ! தலைவா!"

பூட்டை மேஜையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் நடிகரின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இடையில் பாய்ந்தேன்.

"யோவ், வாடிக்கையாளரைத் தொந்தரவு பண்ணாதே."

"வாடிக்கையாளரா? அண்ணே, இவர் யாருன்னு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கா?" சாவிக்காரர் வாய் பிளந்தார். அதற்கு மேல் அவர் பேசினால் என் குட்டு உடையும். நல்லவேளையாக நடிகர் பக்கம் திரும்பிவிட்டார். "நாலு வருஷமா உங்களை எந்தப் படத்துலயும் காணோமே தலைவா, ஏன்?"

இவ்வளவு பச்சையாகவா கேட்பது? நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாரும் கூப்பிடலை தம்பி."

"கூப்பிடலையா? அப்போ அவனுங்களுக்குத்தான் கண்ணு தெரியலை. எல்லாரையும் இந்தக் கடைக்கு அனுப்புங்க தலைவா!"

நடிகர் சிரித்தார். வாய் விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சாவிக்காரரின் கையை அவர்தான் விடாமல் பிடித்திருந்தார் என்பதை அப்போது பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொந்தரவு செய்தவனுக்குச் சிரிப்பு. நிம்மதியாக விட்டவனுக்கு 'வீட்லதான் இருக்கேன்'.

குனிந்து வேலையைப் பார்த்தேன். கீலை நிமிர்த்தினேன். புது ஸ்க்ரூ போட்டேன். கம்பியைச் சூடு காட்டி அவர் காதுக்கு ஏற்றபடி வளைத்தேன். அந்தக் காதுகளை அவ்வளவு பக்கத்தில் பார்த்த ரசிகன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாட்டிவிட்டேன். அவர் கண் சிமிட்டி முதன்முறையாக என்னைப் பார்த்தார்.

"கிட்டத்துல தெரியுதா சார்?" என்றபடி, பழக்கதோஷத்தில் இழுப்பறையைத் திறந்து, பார்க்காமலே அட்டையை எடுத்து நீட்டினேன்.

அவர் பார்த்தார். அட்டையைக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார்.

"கதவைத் தட்டினது நான்தான்" என்று படித்தார்.

உள்ளறைப் பக்கம் திரும்பினேன். மனைவி வாசலில் சாய்ந்து நின்று, துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அலமாரி மேல் இருந்தது இழுப்பறைக்கு நடந்து வந்திருக்க முடியாது.

"திறக்கலைன்னா போயிடுவேன்." இப்போது அவர் படிக்கவில்லை. பேசினார். அட்டை மடிக்கு இறங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். அந்த மூன்றாவது வரியை அவர் சொன்னபோது, சினிமாக் கொட்டகையில் கேட்டதைவிடச் சின்னக் குரல். சாவிக்காரர் மூக்கை உறிஞ்சினார். காரோட்டி சுவரைப் பார்த்தார். என் கைக்குட்டையைக் காணவில்லை.

யாராவது ஏதாவது பேச வேண்டும் என்பதால் நான் பேசினேன்.

"சார், கடைசி வரி கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னீங்க. அது செல்லாது. திரும்பப் படிங்க."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "இனிஷியல் கேட்டீங்களே ஐயா" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் கண் நனைந்திருந்தது. அதைத் துடைக்கத்தான் கடை வைத்திருக்கிறோம். மனைவி துணியை நீட்டினாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே" என்றாள் அவரிடம். "உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இவருக்கு ஒரு தீர்மானம். நேத்தெல்லாம் ஒத்திகை. உங்க படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் அதோ நிக்குது பாருங்க."

எல்லாரும் ஆணியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆணியைக் கழற்ற மறந்துவிட்டேன்.

"எனக்கு நிஜமாவே பயமாயிடுச்சும்மா" என்றார் அவர். "கூட்டம் தள்ளும்போது, விட்டாப் போதும்னு இருக்கும். விட்டுட்டாங்கன்னா, அவ்வளவுதானான்னு இருக்கு. எது வேணும்னு எனக்கே தெரியலை."

நான் பணத்தை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் தீர்மானம் மேலும் கெடும். பொருளைப் பெற்றுக்கொண்டவர்கள் பில்லில் கையெழுத்துப் போடுவது எங்கள் கடை வழக்கம்.

"இங்கே ஒரு கையெழுத்து சார்."

போட்டார். போட்டு முடித்தபின்தான் எனக்கு உறைத்தது. மனைவி மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது நடிகர் நின்றார். "நாம எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கலாமா? எனக்கு வேணும்."

காரோட்டி வழக்கம்போல் போனை எடுத்தார். "நீங்களும் நில்லுங்க தம்பி" என்றாள் மனைவி. "எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கற நீங்க எந்தப் படத்துல இருக்கீங்க?" காரோட்டியைவிட நடிகர்தான் அதில் அதிகம் சங்கடப்பட்டார். அவரே காரோட்டியின் தோளைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க?"

வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி. ஒரு கௌரவத்துக்காக, ஒரே ஒரு தடவை மறுக்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கேட்டால் உடனே ஒப்புக்கொள்வதாகத் திட்டம்.

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை சார்."

சாவிக்காரர் என் கையைப் பிடித்து இழுக்க வந்தார். நடிகர் தடுத்துவிட்டார்.

"வேண்டாம் தம்பி. வேண்டாம்னு சொல்றவங்களை வற்புறுத்தக்கூடாது. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்."

எவ்வளவு நாகரிகமான மனிதர்! அப்படியே உறைந்து நின்றேன். மனைவி போனை என் கையில் வைத்தாள்.

"நீங்களே எடுங்க. ஸ்க்ரூ போடற கை, நடுங்காது."

நடுங்கவில்லை. நன்றாகவே வந்தது.

கார் போனதும் அவள் மேல் பாய்ந்தேன். "சத்தியம் பண்ணினியே! மூணும் நடந்துடுச்சே!"

"நான் கேட்டேனா? வசனம் பேச வச்சது யாரு? அட்டையை நீட்டினது நீங்க. கையெழுத்து கேட்டது நீங்க. படம் எடுத்தது நீங்க. நான் துணி மடிச்சுக்கிட்டு நின்னேன்."

சட்டப்படி அவள் சொன்னது சரி. அட்டையை இடம் மாற்றக்கூடாது என்று நான் சத்தியம் வாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள். "ரெண்டாவது தடவை கேட்பார்னு நின்னீங்க, இல்ல?"

"இல்லை."

"தட்டணுங்க" என்றாள். "ஒரு தடவையாவது நாமளே தட்டணும்."

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அதே ஆணியில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "நீங்க அன்னைக்குக் கடையில இல்லையா?" என்று என்னைக் கேட்கிறார்கள். இருந்தேன். கடையில் ஐந்து பேர், படத்தில் நான்கு பேர். மீதி ஒன்று.