வரலாற்றுத் துல்லியக் குழுவும் ஒரு செனட்டரின் மரணமும்

உண்மையைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்த அமைப்புகள் உலகத்தில் மூன்றே மூன்றுதான். முதலாவது, ஒரு பதிப்பகத்தின் 'வரலாற்றுத் துல்லியக் குழு'. மற்ற இரண்டையும் குழு இன்னும் அங்கீகரிக்கவில்லை.

அந்தக் குழுவின் ஐந்து மேதைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பாளர். நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த நேரங்களில், ஏழு வருடமாக, பண்டைய ரோமில் நடக்கும் துப்பறியும் நாவல் ஒன்றை எழுதி முடித்திருந்தாள். பெயர், 'குளியல் மண்டபக் கொலை'. செனட்டர் ஒருவர் விஷத்தால் சாகிறார். துப்பறிபவன் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி, "கதவைச் சாத்துங்கள்" என்கிறான். அந்த ஒரு வரியை எழுதத்தான் அவள் நானூறு பக்கம் நடந்து வந்திருந்தாள்.

குழு கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம் அச்சேறும்.

"செனட்டர் தக்காளிச் சாறு குடிக்கிறாரா?" என்றார் தலைவர், துக்கம் விசாரிக்கும் குரலில். "அந்தக் காலத்து ரோம்ல தக்காளியே கிடையாதும்மா. எடுத்துடுவோம்."

"சார், விஷமே அதுலதான் இருக்கு!"

"அப்ப அதையும் எடுத்துடுவோம்."

"திராட்சை ரசத்துல கலந்துடட்டுமா?"

ஐவரும் அதிர்ந்தார்கள். குழுவின் விதி அப்பழுக்கற்றது: நீக்கலாம், சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அது புது நாவல், புது விண்ணப்பம், மூன்று வருடக் காத்திருப்பு.

அடுத்து, காலணி இயல் நிபுணர் தொண்டையைச் செருமினார். முப்பது வருடமாக ரோமானியச் செருப்புகளை மட்டுமே ஆராய்ந்தவர் என்பதால், மூக்குக்கண்ணாடி பற்றிப் பேச அவருக்கு முழுத் தகுதி இருந்தது. "வைத்தியர் கண்ணாடி போட்டிருக்கார். அப்ப ஏது கண்ணாடி? கழட்டிடுங்க."

"உடைஞ்ச கண்ணாடித் துண்டுதான் சார் துப்பே! அத வச்சுத்தான் வைத்தியர் மாட்டுறார்."

"கண்ணாடி இல்லேன்னா அவருக்குக் கண்ணு சரியா தெரியாது. கண்ணு தெரியாத மனுஷன் எப்படிம்மா கொலை செய்வார்? பாவம், விட்டுடுங்க."

வைத்தியர் அந்த நிமிடமே விடுதலையானார்.

"எல்லாரையும் ஒரே ரூம்ல கூட்டி விசாரிச்சதுக்கும் ஆதாரம் இல்ல" என்று தலைவர் கடைசி அத்தியாயத்தின் மேல் ஒரு கோடு போட்டார். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனால் மருத்துவமனை முழுக்க, ஏன், வாயைத் திறந்தபடி கிடந்தவர்களிடம்கூட, புத்தகம் வருகிறது என்று சொல்லியாகிவிட்டது. வாசலிலிருந்து கணவன் வேறு நாலு தடவை போன் பண்ணிவிட்டான்.

"அப்ப செனட்டர் எப்படித்தான் சார் சாவார்?"

"ஏன் சாகணும்?" என்றார் தலைவர், கருணையோடு.

அவள் தலையாட்டினாள். ஐந்து கையெழுத்துகளும் விழுந்தன.

அறுபத்தொரு பக்கத்தில் 'குளியல் மண்டபம்' வெளிவந்தது. செனட்டர் வருகிறார், குளிக்கிறார், துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். துப்பறிபவன் வெளியே காத்திருந்துவிட்டுத் திரும்புகிறான். 'பிழையற்ற நாவல்' என்ற விருதைக் குழுவே ஏற்படுத்தி, குழுவே தேர்ந்தெடுத்து, குழுவே வழங்கியது.

விழா மேடையில் ஐவரும் மாலையோடு வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அவள் மைக்கைப் பிடித்ததும், முன்வரிசையிலிருந்து பல் டாக்டர் எழுந்தார்.

"புத்தகத்த ரெண்டு தடவ படிச்சேம்மா. ஏழு வருஷமா கொலை, கொலைன்னு சொன்னியே, கொலைகாரன் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?"

அவள் மேடையைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லோரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

"ஒருத்தர் இல்ல டாக்டர், அஞ்சு பேர்" என்றாள் அவள். "யாராவது அந்தக் கதவைச் சாத்துங்க."