சாம்பலாரும் நான் மறைத்த தாளும்

நான் ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்தேன். தெரியாமல் அல்ல. நன்றாகத் தெரிந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அழகான கையெழுத்தில் கெடுத்தேன். அந்த ஒருவர், நெய்வேலி இதுவரை கண்ட விஞ்ஞானிகளிலேயே பெரியவர். அவருக்குப் பட்டம் கிடையாது, ஆய்வுக்கூடம் கிடையாது, ஒரு வெப்பமானிகூடக் கிடையாது. இரண்டு உள்ளங்கால்கள் இருந்தன. அவை போதும் என்பது அவர் கட்சி.

ஊரில் அவருக்குச் சாம்பலார் என்று பெயர். பழுப்பு நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலை அள்ளும் கான்ட்ராக்ட் வேலையில் பல வருஷம் இருந்தவர். மற்றவர்களுக்கு அது கண்ணில் விழுந்து உறுத்தும் தூசி. அவருக்கு மட்டும் அது கூரை. சாம்பலைக் குழைத்து ஓடாக வார்த்து மாடியில் பதித்தால் வீட்டுக்குள் வெயில் இறங்காது, கரண்டும் மிச்சமாகும் என்று கண்டுபிடித்தார்.

வேலையில் இருந்த காலத்திலேயே அவருடைய டிபன் கேரியர் பிரசித்தம். ஒருநாள் கேட்டில் செக்யூரிட்டி அதைத் திறந்து பார்த்திருக்கிறார். மூன்று அடுக்கிலும் சாம்பல்.

"யோவ், இன்னாய்யா இது?"

"மேல இருக்கிறது நேத்து எடுத்தது. நடுவுல இருக்கிறது இன்னிக்கி. அடியில கொஞ்சம் ஈரமா இருக்குதுங்க, கவுத்துடாதீங்க."

"அப்ப சோறு?"

"அது பையில இருக்குது. சோறு கொட்டினா பரவால்லீங்க."

பிறகு வேலையை விட்டுவிட்டு, வடலூர் சாலையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து ஓடு வார்க்க ஆரம்பித்தார். அவற்றைச் சோதிக்கும் முறை இன்னும் பிரமாதம். உச்சி வெயிலில் வெறுங்காலோடு மாடியில் நின்று, கால் பொறுக்காமல் குதிக்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். வெறும் தளத்தில் பத்தைத் தாண்டாது. அவருடைய ஓட்டின்மேல் நின்றால் நாற்பது வரும். ஒப்பிட்டுப் பார்க்க ஊரான் மாடிகள் வேண்டுமல்லவா? கத்திரி வெயிலில் எங்கள் பிளாக்கில் ஒவ்வொரு குவார்ட்டர்ஸாக ஏற ஆரம்பித்தார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அது. ஒரு மத்தியானம் என் மனைவி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"திருடன்! மாடியில திருடன்!"

மேலிருந்து பதில் வந்தது. "திருடன் இல்லீங்கம்மா. உங்க வூடு ஏழுங்க!"

"என்னய்யா ஏழு?"

"ஏழு எண்றதுக்குள்ள கால் சுட்டுடுச்சுங்க. இதுக்குக் கீழ நின்னுகினு எப்பிடிம்மா சமைக்கிறீங்க?"

கல்யாணமானதிலிருந்து அவளை யாரும் கேட்காத கேள்வி. என் மனைவி அந்த நிமிஷமே கட்சி மாறினாள். திருடனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்து, "நீங்களும்தான் கெமிஸ்ட்டுன்னு இருக்கீங்க" என்றாள்.

ஓய்வுக்குப் பிறகு என்னை ஒரு தேர்வுக் குழுவில் போட்டார்கள். சிறுதொழில் செய்பவர்கள் எரிசக்தியிலும் கட்டுமானப் பொருள்களிலும் ஆராய்ச்சி செய்ய அரசு உதவித்தொகை தரும் திட்டம். சாம்பலார் விண்ணப்பித்தார். கிடைத்தால், ஒரு வரிசைத் தொகுப்பு வீடுகளின் மாடியில் ஓடு பதித்து ஊருக்கே நிரூபித்துக் காட்டலாம். கிடைக்காவிட்டால் கொட்டகையை மூடிவிட்டு மறுபடியும் சாம்பல் அள்ளப் போகவேண்டியதுதான். இது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படி ஒரு விண்ணப்பத்தை நான் அதற்கு முன் படித்ததில்லை. 'இத்துறையில் முன்னர் நடந்த ஆய்வுகள்' என்ற கட்டத்தில், 'நான் செய்த தப்புகள் இருபத்தாறு, பட்டியல் இணைப்பு' என்று எழுதியிருந்தார். கண்டுபிடிப்பு எவ்வளவு தயார்நிலையில் இருக்கிறது, ஒன்று முதல் ஒன்பதுக்குள் குறிப்பிடுக என்றது படிவம். ஒன்பது என்று போட்டு, காரணமும் எழுதியிருந்தார்: 'இதற்கு அடியில்தான் என் மனைவி தூங்குகிறாள்.'

நேர்காணலில் நான் என் படிப்பைக் காட்டப் பார்த்தேன்.

"சிமெண்ட் எவ்வளவு சேக்கறீங்க?"

"சேக்கறதே இல்லீங்க சார்."

"சிமெண்ட் இல்லாம சாம்பல் எப்படிங்க இறுகும்? அடிப்படையே தப்பா இருக்கே."

சாம்பலார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், நீங்க சொல்றது வடக்கத்திக் கரியோட சாம்பல். நம்மூரு சாம்பல்ல சுண்ணாம்பு தானாவே இருக்குது. தண்ணி தெளிச்சி வச்சா அதுவே புடிச்சிக்கும். முப்பது வருஷம் இந்த ஊரு லேப்ல இருந்துகினு இதைப் போயி கேக்கறீங்களே!"

குழுத் தலைவர் சிரித்தார். டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். அந்தச் சுண்ணாம்பை என் கையாலேயே நூறு தடவை அளந்திருக்கிறேன். வாயில் வந்ததோ கல்லூரிப் பாடப்புத்தகம்.

மாதிரி ஓடுகளைச் சோதிக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. என் மாடியில் இரண்டு பெட்டிகளை வைத்து, ஒன்றைச் சாதாரண ஓட்டாலும் மற்றதைச் சாம்பலார் ஓட்டாலும் மூடி, இரண்டு வாரம் வெப்பம் பார்த்தேன். ஒருநாள் விடாமல் அவர் பெட்டிதான் குளிர்ந்திருந்தது. தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அப்போது காதில் அந்தச் சிரிப்பு கேட்டது. தாளை மடித்து பீரோவில் வைத்தேன். குழுவுக்கு இப்படி எழுதினேன்: 'விண்ணப்பதாரரின் அளவீட்டு முறை அறிவியல் முறைப்படி அமைந்ததன்று. பரிந்துரைக்க இயலவில்லை.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அயோக்கியத்தனமே அதில்தான் இருந்தது.

கொட்டகை மூடப்பட்டது. சில மாதம் கழித்து அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து, இமையெல்லாம் சாம்பலோடு நின்றார். என்னை ஒரு சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு பஸ் ஏறினார். சாம்பலார் வாய் திறக்காமல் இருந்து நான் அதுவரை கண்டதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகட்டுமா?" என்றாள்.

முதலில் குழுத் தலைவருக்கு உள்ளது உள்ளபடி எழுதினேன். தாளின் நகலையும் இணைத்தேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அது சரிதான். பழைய முடிவை மாற்ற முடியாது, அடுத்த முறை விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அதையும் பீரோவில் இருந்த தாளையும் எடுத்துக்கொண்டு சாம்பலார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கலா கதவைத் திறந்தார். சாம்பலார் நின்றபடியே தாளைப் படித்தார்.

"நான்தான் மறைச்சேன். எல்லார் முன்னாலயும் நீங்க சொன்னது எனக்குத் தாங்கல. வேற காரணமே இல்ல."

தாளை மறுபடியும் மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு கேட்டார். "ரெண்டு பொட்டிக்கும் நடுவுல எவ்ளோ எடம் வுட்டீங்க?"

"அரை அடி."

"அரை அடியா! சாயங்காலம் ஒண்ணோட நெழலு இன்னொண்ணு மேல வுழுமே சார்! இப்பிடியா டெஸ்ட் பண்ணுவாங்க? படிச்சவருதான நீங்க?"

பெட்டி வைத்த லட்சணத்துக்கு அரை மணி நேரம் திட்டினார். கடைசியில் குரல் இறங்கி, "ஒரு வருஷம் போயிடுச்சு சார்" என்றார். குழுத் தலைவரின் பதிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். தலைமை ஆய்வாளர் அவர். தொழில்நுட்ப உதவியாளர், சம்பளமில்லாமல், நான். இம்முறை கிடைத்தது. கொட்டகை திறந்தாயிற்று, இப்போது தொகுப்பு வீடுகளின் மாடிகளில் ஓடு ஏறிக்கொண்டிருக்கிறது. காலை பஸ்ஸில் போய், வார்த்த ஓடுகளுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. அதிகம் தெளித்தால் திட்டு. குறைத்துத் தெளித்தால் திட்டு. சரியாகத் தெளித்தால், "இதை முன்னாடியே செஞ்சா என்னவாம்?"

கலாவுக்கு இதில் சங்கடம். "போன வருஷம் பூரா உங்க பேரை எடுத்தாலே எழுந்து போயிடுவாரு. இப்ப எந்நேரமும் உங்களைத் திட்டிகினே இருக்காரு. ஒண்ணும் நெனச்சிக்காதீங்க சார்."

நான் ஒன்றும் நினைத்துக்கொள்வதில்லை. போன வாரம் காய்ச்சல் என்று அவர் வரவில்லை. தண்ணீர் தெளித்து முடித்தேன்; அதிகமா குறைவா என்று திட்ட ஆளில்லை. கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. மத்தியானம்வரைதான் தாங்க முடிந்தது. பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விட்டேன்.