ஹெப்சியின் கடைக்கு நான் வழங்கிய வாழ்த்துரை

பொறாமையைக் கண்டித்துப் பேசி நான் மூன்று கோப்பைகள் வாங்கியிருக்கிறேன். மூன்றும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், வந்து போகும் ஒவ்வோர் உறவினரின் கண்ணிலும் படும் உயரத்தில் நிற்கின்றன. (உயரத்தைத் தேர்ந்தெடுத்தவள் நானே.) ஆகவே, நான் கடைந்தெடுத்த பொறாமைக்காரி என்பதை இங்கே ஒப்புக்கொள்ளும்போது, அவற்றைத் திருப்பித் தரும்படி எவரும் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

என் பொறாமைக்குப் பெயர் ஹெப்சி. எங்கள் கோலார் தங்க வயலிலேயே, பாலகாட் குடியிருப்பில் இருக்கும் பெரியம்மாவின் மகள். என்னைவிட ஏழு மாதம் மூத்தவள். அந்த ஏழு மாதத்துக்காக அவளை அக்கா என்று அழைக்கும்படி அம்மா எவ்வளவோ மன்றாடியும் நான் இணங்கியதில்லை. பள்ளி நாட்களில் எங்கள் இருவருக்கும் வேலை தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தது. திருச்சபையின் ஆண்டு விழாவில் நான் மேடையின் முன்னால் நின்று முழங்குவேன். அவள் மேடையின் பின்னால் நின்று திரைச்சீலையின் கிழிசலைத் தைப்பாள். உலகம் இந்த ஏற்பாட்டிலேயே நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

வளர்ந்தபின் தங்க வயலின் வழக்கப்படி இருவரும் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தோம். என் நாவன்மைக்கு அந்நகரம் அளித்த மரியாதை, காதில் ஒரு ஹெட்போனும் கையில் எழுதிக்கொடுத்த ஆறு வாக்கியங்களும். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்பதை எத்தனை ஏற்ற இறக்கத்தோடு மொழிந்தாலும் அங்கே கைதட்ட ஆளில்லை. ஹெப்சி ஒரு தையல் மாஸ்டரிடம் சேர்ந்தாள். ரயிலில் நான் அடுத்த பட்டிமன்றத்துக்கு மனப்பாடம் செய்வேன். அவள் எதிரே உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைப்பாள். இப்படியே ஐந்து ஆண்டுகள். பிறகு ஒருநாள், இந்திரா நகரில் உயர்ரகத் திருமண ஆடைகளுக்கென்று சொந்தமாக ஒரு பொட்டிக் திறக்கப் போவதாகச் சொன்னாள். கொக்கியிலிருந்து கண்ணெடுக்காமலேயே சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்படியொரு செய்தி என்னிடம் இருந்திருந்தால், எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, பெட்டி முழுவதற்கும் அறிவித்திருப்பேன்.

"அந்தத் தெருவுல ஏற்கெனவே ஆறு கடை கீதுடி" என்றேன், மிகுந்த பரிவோடு.

"ஏழாவதா நான் இருந்துட்டுப் போறேன்."

"பெங்களூருகாரங்க நம்மள நம்பி வருவாங்களா?"

"ரெட்டியம்மான்னு ஒருத்தர் வராங்க. மாஸ்டர் கடைல நான் தெச்சதப் பாத்துகினே இருந்தவங்க. பொண்ணுக்குக் கல்யாணம். தொறக்கற அன்னிக்கி வந்து பாத்துட்டு, புடிச்சா மொத்தத் துணியும் எனக்கே தரேன்னாங்க." ஊசியை நிறுத்திவிட்டு முதன்முறையாக என்னைப் பார்த்தாள். "அவங்க குடுத்தா கடை நிக்கும். இல்லாங்காட்டி நான் பழையபடி மாஸ்டர் முன்னாடி போய் நிக்கணும். அதனால அன்னிக்கி நீதான் வாழ்த்திப் பேசணும். நம்ம வீட்ல பேசத் தெரிஞ்சவ நீ ஒருத்திதானே?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் வீழ்ந்தேன். புகழ்ச்சிக்கு மயங்காதீர் என்ற தலைப்பில் நான் இன்னும் பேசியதில்லை.

என் பயிற்சியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தேர்ந்த பேச்சாளர், எதிரணியின் வாதத்தை எதிரணியைவிடச் சிறப்பாக முதலில் எடுத்துரைப்பார். 'ஐயோ, இதற்கு என்ன பதில்?' என்று அவை திகைக்கும் கணத்தில் 'ஆனால்' என்று உரத்துச் சொல்லி, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணி, அதன்பின் அத்தனையையும் தூள்தூளாக்குவார். என்னுடைய 'ஆனால்' கோலார் மாவட்டம் முழுவதும் பேசப்பட்டது. அந்த நிறுத்தத்தில் நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்ததுண்டு. கடை திறப்பு விழாவில் எதிரணி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அன்று என்னிடம் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. எதிரணிப் பகுதியை எழுத உட்கார்ந்தபோது பேனா தானாக ஓடியது. மறுப்பை எழுத உட்கார்ந்தபோது பேனாவில் மை இருந்தது, எனக்குள்தான் இல்லை. எப்படியோ ஒரு பக்கம் தேற்றினேன்.

திறப்பு விழா, ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணி. தங்க வயலிலிருந்து உறவினர் முப்பது பேர் ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். போதகர் ஜெபித்தார். ரிப்பன் வெட்டப்பட்டது. உள்ளே நுழைந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஆடையை அணிந்து பார்க்கும் அறைக்குத் தொங்கவிட்டிருந்த திரையே, நான் கட்டியிருந்த பட்டுப்புடவையைவிட அழகாக மடிப்பு விழுந்து நின்றது. முதல் வரிசையில் ரெட்டியம்மாவும் மகளும் அமர்ந்திருந்தார்கள். கோலார்க்காரர், தமிழ் நன்றாகத் தெரியும். நான் ஒலிவாங்கியைப் பற்றினேன்.

"அவையோரே! போட்டி நிறைந்த இப்பெருநகரில் இக்கடை வெல்லுமா? வெல்லாது என்பர் எதிரணியினர். ஏன்? இத்தெருவில் ஆறு கடைகள். இன்று கேட்டால் நாளை கிடைக்கும். இங்கேயோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்! ஒரே ஜாக்கெட்டுக்கு நான்கு முறை வந்து சிலைபோல் நிற்க வேண்டும்! ஒருவருக்கு வெட்டிய அளவுக் காகிதத்தை, தைத்து முடித்த அன்றே கிழித்தெறிந்துவிடுவாள் இந்தப் பிடிவாதக்காரி! போதகரின் மனைவிக்குத் தைத்த அதே கழுத்து வடிவத்தை என்னைப் பெற்ற தாய் கேட்டார். சொந்தச் சித்தி! முடியாது என்றாள். சென்ற கிறிஸ்துமஸுக்கு என் ஜாக்கெட்டை, கழுத்தில் ஒரு தையல் பிசகிவிட்டது என்று மூன்று முறை பிரித்தாள். நான் பழைய ஜாக்கெட்டில் ஆலயம் சென்றேன், அவையோரே!"

(இந்த இடத்தில் என் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. குறிப்பில் அப்படி எழுதியிருக்கவில்லை.)

அவை திகைத்தது. ஹெப்சியின் முகம் வெளிறியது. நான் எதிர்பார்த்த கணம் இதுவே. கையை உயர்த்தினேன்.

"ஆனால்!"

ஒன்று. இரண்டு. மூன்று.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்டு சங்குக்கு ஒருநாளும் பிந்தாதவர் என் தேவராஜ் மாமா. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏய், வண்டிக்கு நேரமாச்சு! எழுந்திருங்க, எழுந்திருங்க! அப்பால சீட்டு கெடைக்காது!"

முப்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஊர் திரும்பும் மாரிக்குப்பம் ரயிலில் உட்கார இடம் பிடிக்க வேண்டும் என்றால் எங்கள் ஊர்க்காரர் எவரும் எதற்காகவும் நிற்கமாட்டார். நாற்காலிகள் சாய்ந்தன. டிபன் பொட்டலங்களும் குழந்தைகளும் வாசல் வழியே வெளியேறின. மாமா போகிற போக்கில் என் தோளைத் தட்டினார்: "நல்லாப் பேசினம்மா. உள்ளத உள்ளபடி சொன்ன."

"மாமா, இன்னும் முடியல..."

"மீதிய வூட்ல பேசிக்கலாம்."

உரை முடிந்துவிட்டதாகக் கருதிய போதகர், பழக்கத்தின் காரணமாக, கண்களை மூடி "ஆமென்" என்றார்.

காலி நாற்காலிகளுக்கு நடுவே, உயர்த்திய கையோடு நான் நின்றேன். ஹெப்சியின் கண்களில் நீர் திரண்டிருந்தது. "இன்னாடி பண்ணிட்ட?" என்றாள், மிக மெல்ல. மறுப்புப் பக்கத்தை அவசர அவசரமாகத் தேடினேன். அதற்குள் ரெட்டியம்மா எழுந்துவிட்டார். கைப்பையை எடுத்து மாட்டினார். ஹெப்சியின் எதிரே போய் நின்றார்.

"அந்தப் பேப்பர நெஜமாவே கிழிச்சிடுவியாம்மா?"

ஹெப்சி குற்றவாளிபோல் தலையசைத்தாள்.

"யார் கேட்டாலும் அதே மாதிரி தெக்க மாட்டியா?"

"மாட்டேன்மா. சித்திக்கே தெக்கல."

ரெட்டியம்மா மகளின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? நிச்சயதார்த்தத்துல நீயும் உங்க அத்தை பொண்ணும் ஒரே லெஹங்கா போட்டுகினு வந்து நின்னீங்களே! ஊரே சிரிச்சிது." பிறகு ஹெப்சியிடம், "மூணு மாசம்னா இன்னிக்கே அளவு எடுத்துக்கோ. பொண்ணுக்கு எட்டு, எனக்கு நாலு. என்னுதையும் மூணு வாட்டி பிரிச்சித் தெச்சிக் குடு" என்றார்.

ஹெப்சி அளவு நாடாவை எடுத்தாள். அது இரண்டு முறை கீழே விழுந்தது. இரண்டு முறையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கணத்தில் என் உள்ளத்தில் பத்தில் ஒரு பங்கு நிம்மதி இருந்தது. மீதி ஒன்பது பங்கு எது என்பதை மூன்று கோப்பைகளின் மரியாதை கருதிச் சொல்லாமல் விடுகிறேன். என் வாழ்நாளில் ஒரு சொற்பொழிவு கேட்டு ஒருவர் மனம் மாறியதை நேரில் கண்டது அன்றுதான். அதுவும் நான் வாதாடிய திசைக்கு எதிர்த் திசையில்.

அடுத்த ரயிலில், ஊருக்கு முந்தைய சந்திப்பான பங்காருப்பேட்டை வரை நின்றுகொண்டே வந்தேன்.

அன்று தொடங்கிய கேலி இன்றும் ஓயவில்லை. எங்கள் குடும்பத்தில் யார் எதைத் தொடங்கினாலும் நான் வந்து எதிர்த்துப் பேச வேண்டும்; பேசினால்தான் கடை ஓடுமாம். தேவராஜ் மாமாவின் மகன் ராபர்ட்சன்பேட்டையில் பேக்கரி திறந்தபோது, அவன் கேக்கில் முட்டை நாற்றம் அடிப்பதாக ஐந்து நிமிடம் முழங்கினேன். "இன்னும் கொஞ்சம் திட்டும்மா, எதுர்ல இன்னொரு பேக்கரி கீது" என்று மாமா கேட்டுக்கொண்டார்.

சென்ற வாரம் ஹெப்சி அழைத்தாள். இரண்டாவது கடை திறக்கிறாளாம். இம்முறை நியாயமாக நடந்துகொள்வது என்று தீர்மானித்து, குறையே இல்லாத ஒரு வாழ்த்துரையை எழுதி அலைபேசியிலேயே படித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"இன்னாடி இது?" என்றாள், கவலையோடு. "ஒரு கொற கூட சொல்லல. எம்மேல வயித்தெரிச்சல் போயிடிச்சா?"

ஒரு பேச்சாளர் பொய் சொல்லலாம், தங்கை சொல்லக்கூடாது.

"போகலக்கா" என்றேன்.

"அப்ப ஒழுங்கா எழுதிகினு வா" என்று வைத்துவிட்டாள்.

வரும் சனிக்கிழமை திறப்பு விழா. இதுவரை பதினேழு குறைகள் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.