சிரிச்சாத்தான் தண்ணி

சொல்றது ஒவ்வொரு வார்த்தையும் சத்தியமுங்க. பொய்யா இருந்தா என் நாக்கு இந்த நிமிஷமே சுருண்டுக்கட்டும். பாருங்க, சுருளல. நல்லாத்தான் ஆடிக்கிட்டிருக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?

எங்க அண்ணி ஆஸ்பத்திரிக்கு பெட்ஷீட் தொவைச்சுக் குடுக்கிறாங்க. அண்ணன் லாரியோட வெளியூரே கதின்னு கெடக்கிறான். அதனால அண்ணி தொவைப்பாங்க, நான் இஸ்திரி போட்டு, வண்டியில தள்ளிக்கிட்டுப் போயி வார்டுல எறக்குவேன். தெருவுக்கே ஒரு பொதுக்குழாய்தான். அது தண்ணி விட்டா எங்க வீட்ல அடுப்பு எரியும்.

ஒரு நாள் தண்ணி ஆபீஸ்லேர்ந்து வந்து அந்தக் குழாயப் புடுங்கிப் போட்டுட்டு, புதுசா ஒண்ணு நட்டாங்க. பக்கத்துல போர்டு: 'மனிதரை மையமாகக் கொண்டு, நீடித்து நிலைக்கும் நற்சமுதாயம் சமைக்கும் டிஜிட்டல் குழாய்.' எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. சரி, ஒரு வாய் குடிப்போம்னு பாத்தா, திருகுறதுக்கு ஒண்ணுமே இல்ல. மொழுக்குன்னு ஒரு தூணு, நடுவுல ஒரு கண்ணாடிக் கண்ணு.

"கைய வெக்காதீங்க!"ன்னு ஒரு குரல். நீர்வழி மகிழ்ச்சி மேம்பாட்டு அலுவலராம். அவரு ஷூ மின்னுற மின்னுல எங்க தெருவே 'பளபளா சார்'னு கூப்பிட ஆரம்பிச்சிடுச்சு.

"இது மனுஷன மதிக்கிற குழாய். மூஞ்சியப் பாத்துதான் தண்ணி விடும்"னாரு.

"எங்க மூஞ்சியப் பாத்தா?"

"சிரிச்ச மூஞ்சியப் பாத்து. சிரிச்சா தெறக்கும். சிரிப்பு நின்னா மூடிக்கும். தண்ணியும் வீணாகாது, ஜனங்களும் சந்தோஷமா இருப்பாங்க."

அண்ணி கேட்டாங்க, "தண்ணி வந்தாதானே சார் சிரிப்பே வரும்?"

"அது பழைய முறைம்மா."

தெரு பழகிடுச்சுங்க. டெய்லர் மாமா, தன் மாமியார் வழுக்கி விழுந்தத நெனச்சு நெனச்சே குடம் குடமாப் புடிச்சாரு. எதிர்வீட்டு அக்காவுக்கு யார் வீட்லயாவது சண்டைன்னு சேதி வந்தாப் போதும், ஒரு ட்ரம் ரொம்பிடும்.

எங்க அண்ணி மட்டும்தான் மாட்டிக்கிட்டாங்க. அவங்க நல்லவங்கதான், மூஞ்சிதான் அப்படி. கல்யாணத்தன்னிக்கு 'கொஞ்சம் சிரிங்கம்மா'ன்னு கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில போட்டோக்காரர் அழுதுட்டாரு.

அண்ணி குழாய் முன்னாடி போயி நின்னாங்க. "அன்பார்ந்த குடிமகளே, உங்கள் மகிழ்ச்சிக்காகக் காத்திருக்கிறோம்"னு பேசிச்சு அது.

"நான் தண்ணிக்காகக் காத்திருக்கேன். யாரு மொதல்ல வர்றதுன்னு பாத்துடுவோம்"னாங்க அண்ணி.

நான் பக்கத்துல நின்னு எனக்குத் தெரிஞ்ச ஜோக்கெல்லாம் எடுத்து விட்டேன். "தம்பி, நிறுத்துடா. இருக்கிற ஈரமும் காஞ்சுடும்"னாங்க.

வீட்ல பெட்ஷீட்டு மலையாக் குமிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வார்டு அக்கா போன்ல, "நாளைக்கு ஷீட் வரலைன்னா வேற ஆளுகிட்ட குடுத்துடுவோம், எம்மேல வருத்தப்படக் கூடாது"ன்னுட்டாங்க. அண்ணிக்கு மூஞ்சி இன்னும் இறுகிப் போச்சு.

துணி காயப்போடுறப்ப அண்ணி வாயில எப்பவும் க்ளிப்பக் கவ்விக்கிட்டிருப்பாங்க. அன்னிக்கும் அப்படித்தான், காயப்போட ஒண்ணும் இல்லாமலேயே கவ்விக்கிட்டு குழாய மொறைச்சாங்க. திடீர்னு ரெண்டு க்ளிப்ப எடுத்து, கன்னத்துக்கு ஒண்ணா மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு காதுக்கு இழுத்துக் கட்டுனாங்க. பல்லு மொத்தமும் வெளிய வந்துடுச்சு. நான் ரெண்டடி பின்னாடி போயிட்டேன்.

குழாய்க்கு மட்டும் குஷி. "உங்கள் ஆனந்தம் எங்களை நெகிழச் செய்கிறது"ன்னு சொல்லி, கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சு.

பொழுது சாயறதுக்குள்ள தெருவே க்ளிப்போட திரிஞ்சுது. பின்ன என்ன, எத்தன தடவதான் மாமியாரக் கீழ தள்ளுவாரு டெய்லர் மாமா?

கொஞ்ச நாள்ல பளபளா சார் கேமரா ஆளுங்களோட வந்து எறங்கினாரு. "இந்தத் தெருவுல மகிழ்ச்சி நூத்துக்கு நூறு! எப்படி?"ன்னு கேட்டவரு, அண்ணி கன்னத்தப் பாத்து அப்படியே நின்னுட்டாரு. செத்தோம்னு நெனச்சேன்.

"இதுக்கு கரண்ட் வேணுமா?"

"வேணாம் சார்."

"சார்ஜ் போடணுமா?"

"ஸ்பிரிங் போனா வேற க்ளிப்பு போட்டுக்குவோம் சார்."

அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "இதுதாம்மா நீடித்த தொழில்நுட்பம்! இதத்தான் நாங்க குளுகுளு ரூம்ல உக்காந்து தேடிக்கிட்டிருந்தோம்!"

அப்புறம் கேக்கணுமா? ஆபீஸ்ல க்ளிப்பு, பேங்க்ல க்ளிப்பு, கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைக்குத் தங்க முலாம் க்ளிப்பு. போடாதவன ஏதோ சட்ட போடாதவன் மாதிரி பாத்தாங்க. பளபளா சார் வெள்ளியில செஞ்சு போட்டுக்கிட்டாரு. செவுத்துக்கு செவுரு எங்க அண்ணி படம், பல்லக் காட்டிக்கிட்டு.

அடுத்த வாரம் குழாய்கிட்டப் போனா, நன்றி சொல்லிச்சு, நெகிழ்ந்துச்சு, தண்ணி மட்டும் விடல. அண்ணியும் நானும் ஆபீசுக்கு ஓடுனோம்.

"சார், தண்ணி வரல."

"தெரியும்மா. நான்தான் நிறுத்தினேன்"னாரு பளபளா சார், வெள்ளிக் க்ளிப்பு மினுங்க. "நூத்துக்கு நூறு சந்தோஷமா இருக்கிறவங்களுக்குத் தண்ணி எதுக்கு? சோகமா இருக்கிற தெருவுக்குத் திருப்பி விட்டாச்சு."

அண்ணி க்ளிப்பப் பிச்சு அவரு மேசையில வீசினாங்க. "இப்பப் பாருங்க என் மூஞ்சிய. இது சந்தோஷ மூஞ்சியா?"

அவரு செவுத்துல இருந்த படத்தப் பாத்தாரு, அண்ணியப் பாத்தாரு. "நீங்க யாரும்மா?"

"அந்தப் படத்துல இருக்கிறதே நான்தான்யா!"

"சும்மா இருங்க. அந்தம்மா எவ்ளோ லட்சணமா சிரிக்கிறாங்க."

"அப்ப நான் புகார் குடுக்கணும்."

"தாராளமா. குழாய்கிட்டயே சொல்லுங்க. சிரிச்சாத்தான் அதுக்குக் காது கேக்கும்."

"சிரிச்சுக்கிட்டே புகார் சொன்னா?"

"அது பாராட்டுல சேந்துடும்."

வீட்டுக்கு வந்து அண்ணி அந்த அழுக்கு மலை முன்னாடி உக்காந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "தம்பி, இஸ்திரிப் பெட்டிய சூடு பண்ணு."

"தொவைக்காமலா அண்ணி?"

"மடிப்பு நல்லாக் கத்தி மாதிரி இருக்கட்டும்."

போட்டேங்க. கொண்டு போயி வார்டுல எறக்கினேன். வார்டு அக்கா, கன்னத்துல க்ளிப்போட, ஒரு ஷீட்ட விரிச்சுப் பாத்தாங்க. வாய்க்குத்தான் க்ளிப்பு, மூக்கு தெறந்துதானே இருக்கு? முகர்ந்து பாத்துட்டு மெல்லக் கேட்டாங்க, "ஏம்பா, இது போன வாரத்துக் கறைதானே?"

"அதேதான்க்கா."

"இரு, நாமளா முடிவு பண்ணக் கூடாது. மெஷினக் கேப்போம்."

குழாய்ல இருக்கிற மாதிரியே கட்டிலுக்குக் கட்டில் ஒரு கண்ணாடிக் கண்ணு வெச்சிருக்காங்க அங்க. ஷீட்ட விரிச்சாங்க, நோயாளிங்களப் படுக்க வெச்சாங்க, க்ளிப்ப மாட்டினாங்க. நூத்துக்கு நூறு. வார்டு அக்கா பெருமூச்சு விட்டாங்க. "அப்ப சுத்தமாத்தான் இருக்கு. நான்தான் தப்பா மோந்துட்டேன்."

வேலை போகல. மேல ரெண்டு வார்டு சேத்துக் குடுத்தாங்க. ஒரு சொட்டுத் தண்ணி கூட செலவழிக்காத சலவைன்னு ஆபீஸ்ல மேடை போட்டு அண்ணிக்கு மாலையும் போட்டாங்க. போட்டது பளபளா சார்தான். அண்ணிய அப்ப நல்லா அடையாளம் தெரிஞ்சுது அவருக்கு, க்ளிப்பு இருந்துச்சில்ல?

அதுக்கப்புறம் எனக்கு ஒடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்து, சொறிஞ்சு சொறிஞ்சு அதே வார்டுல படுத்தேன். ஷீட்டோட ஓரத்துல என் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. மடிப்பு மட்டும் கத்தி மாதிரி இருந்துச்சு, அதுக்கு நான் ஜவாப்தாரி.

"அக்கா, அரிக்குதுக்கா!"

"சிரிச்சுக்கிட்டே சொல்லுப்பா. இல்லன்னா மருந்துப் பெட்டி தெறக்காது."

க்ளிப்ப மாட்டிக்கிட்டேன். கட்டில் கண்ணு சிமிட்டிச்சு: "இந்த நபருக்குக் குறை ஏதுமில்லை. மருந்து தேவைப்படவில்லை."

பக்கத்துக் கட்டில்ல யாரோ சரக் சரக்குன்னு சொறியிற சத்தம். திரும்பிப் பாத்தா, வெள்ளிக் க்ளிப்பு.

"சௌக்கியமா சார்?"

"ரொம்ப"ன்னாரு, பல்லு மொத்தமும் தெரிய, முதுகக் கட்டில் கம்பியில தேய்ச்சுக்கிட்டே.

அவ்ளோதாங்க. நடுவுல நீங்க சிரிச்சீங்க, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். க்ளிப்பே இல்லாம சிரிச்சீங்க, தைரியம்தான். சரி, இப்ப கூலிய வையுங்க. ஆளுக்கு ஒரு குடம் தண்ணி, சிரிச்சவங்க ரெண்டு குடம். தர மாட்டேன்னு நழுவுறவங்க வீட்டு பெட்ஷீட்டு பூராவும் இந்த வாரம் எங்க சலவைக்குத்தான் வரணும்.